பாட்டன் சமாதியைக் கழுவும் முன்

பணி ஓய்வுக்குப் பிறகு குடும்ப வரலாற்றைத் தேடக் கிளம்புகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது பெரும்பாலும் துடைப்பத்தைத்தான். தோட்டத்து மூலையில் பாட்டன் சமாதி பாசி பிடித்துக் கிடப்பதைப் பார்த்ததும் மனசு பொறுக்காது. அன்றே ஆள் வைத்துத் தேய்த்து வெள்ளையடித்துவிடுவார்கள். எழுத்துக் குழிகள் சுண்ணாம்பில் அடைபடும். பெயரும் வருஷமும் போய்விடும். முதலில் படிக்க வேண்டும், பிறகு எழுதி வைக்க வேண்டும், கழுவுவது கடைசி.

இன்னொன்று, நிலம் கைமாறியிருந்தால் இப்போதைய பட்டாதாரரிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

காலை ஏழு மணி வாக்கில் அல்லது மாலை ஐந்துக்கு மேல் போங்கள். வெயில் சாய்ந்து விழும்போது தேய்ந்த எழுத்திலும் நிழல் நிற்கும். கல் மரநிழலில் இருந்தால் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து வெயிலைப் பக்கவாட்டில் திருப்பலாம். இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லை ஒட்டினாற்போல் பிடித்தாலும் எழுத்து எழுந்து நிற்கும். நான்கு பக்கமிருந்தும் ஒளி விழச் செய்து நான்கு படம் எடுங்கள். மாவோ விபூதியோ பூசிப் படிக்க வேண்டாம். மாவு நுண்துளைகளில் தங்கிப் பூஞ்சைக்குத் தீனியாகும்.

பழைய கற்களில் ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ நாள். ௲௯௱௨௰௪ என்று வெட்டியிருந்தால் ஆயிரம், ஒன்பது நூறு, இரண்டு பத்து, நான்கு, அதாவது 1924. ‘விரோதி௵ தை௴’ என்று மட்டும் இருந்தால்தான் சிக்கல். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்புவதால் அது 1889-90 ஆகவும் இருக்கலாம், 1949-50 ஆகவும் இருக்கலாம். வருஷம் சித்திரையில் பிறப்பதால் தை மாதம் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். ஆகவே 1890 அல்லது 1950. 1889 என்றோ 1949 என்றோ எழுதுவது பலரும் செய்யும் தவறு. நெல்லை, குமரிப் பக்கம் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு வரும். ஆங்கில ஆண்டு தெரிய, ஆவணி முதல் மார்கழி நடு வரை அதோடு 824, அதன்பின் ஆடி முடிய 825 கூட்டுங்கள்.

விரோதி வருஷம் 1890ஆ 1950ஆ என்று தீர்த்துவைப்பது பத்திரப் பெட்டி. மகன் 1920இல் எழுதிய கிரயப் பத்திரத்தில் ‘காலஞ்சென்ற இன்னார் குமாரர்’ என்றிருந்தால் தகப்பனார் அதற்கு முன்பே போய்விட்டார். கல்லில் இருப்பது 1890. பத்திரத்தில் ஊர், தகப்பன் பெயர், தொழில், சாட்சிகள் எல்லாம் கிடைக்கும். சாட்சிக் கையெழுத்தை விடாமல் படியுங்கள். மச்சினனும் பங்காளியும் அங்கேதான் இருப்பார்கள். பத்திரம் கையில் இல்லையென்றால் சர்வே எண்ணைக் கொடுத்து சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று வாங்கி, அதில் வரும் பத்திர எண்ணுக்கு நகல் மனு போடலாம். பழைய வருஷங்களுக்குக் கையால் தேட வேண்டியிருக்கும், பொறுமை வேண்டும். பழந்தாள்களை லேமினேஷன் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். இரண்டையும் பிறகு பிரிக்க முடியாது.

பெரியவர்களிடம் “எந்த வருஷம்?” என்று கேட்டால் பதில் வராது. “தனுஷ்கோடி புயலுக்கு முன்னாலயா பின்னாலயா?” என்று கேளுங்கள், அது 1964 டிசம்பர். அதற்கு முந்தைய தலைமுறைக்கு 1924 காவிரி வெள்ளமும் 1914இல் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையில் குண்டு போட்டதும் அடையாளம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம் என்பதால் ஒரே பெயரில் மூன்று பேர் வருவார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணும் தகப்பன் பெயரும் சேர்த்தே நோட்டில் எழுதுங்கள். இதைச் செய்யாமல் இருவரை ஒருவராக்கிவிட்டால் மொத்த வம்சாவளியும் சரியும்.

இனி கழுவலாம். மழைக்காலம் முடிந்த தை, மாசி ஏற்ற காலம். ஒரு சமாதிக்கு நல்ல தண்ணீர் பத்துக் குடம், நைலான் பிரஷ் ஒன்று, மூங்கில் சீவல் நாலைந்து போதும். உப்பு போர்த் தண்ணீர் காய்ந்ததும் வெள்ளை பூக்கும், அது வேண்டாம். கல்லை நன்றாக நனைத்து அரை மணி நேரம் ஊறவிட்டு, கீழிருந்து மேலாகத் தேய்த்து, அவ்வப்போது அலசுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் இன்னும் தேய்க்காத கல்லில் இறங்கிக் கோடு போடும். எழுத்துக்குள் இருக்கும் பாசிக்கு மூங்கில் சீவல்தான், ஆணியோ கம்பிப் பிரஷோ கூடாது. கக்கூஸ் கழுவும் ஆசிட் சுண்ணாம்புக் காரையைப் பொங்க வைத்துக் கரைக்கும், கருங்கல்லில் துருக்கறையைக் கிளப்பும்.

அரசங்கன்று விரலளவில் இருக்கும்போதே வேரோடு வர வேண்டும். தண்டு தடித்துவிட்டால் இழுக்காதீர்கள், செங்கல்லும் கூடவே வரும். அறுத்து, துளிர்க்கத் துளிர்க்கக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். காரை வெடிப்புக்கு சிமென்ட் பூசினால் உள்ளே ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்துச் செங்கல் வழியே போகும், அங்கே உப்பு படிந்து செங்கல் மாவாய் உதிரும். நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த ஆற்று மணல் மூன்று பங்கு குழைத்து அடைத்து, ஈரச் சாக்கு போட்டு ஒரு வாரம் காயாமல் பாருங்கள்.

வருஷா வருஷம் வெள்ளையடிப்பது குடும்ப வழக்கமென்றால் விட வேண்டாம். மேடைக்கும் பக்கச் சுவருக்கும் அடியுங்கள். எழுத்துள்ள பலகையை மட்டும் செய்தித்தாளால் மூடிச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டு மட்டையை எடுங்கள்.