வறட்சியில் அனல் அடிக்கும்போது இருக்கிற தண்ணீரை எங்கே செலவழிப்பது

வறட்சிக் காலத்து வெயிலின் கடுமையே தனி. மண்ணில் ஈரம் இருந்தால் வெயிலின் சூட்டில் பெரும்பகுதி அந்த ஈரத்தை ஆவியாக்கவே போய்விடும், மண் காய்ந்துவிட்டால் அத்தனை சூடும் தரையிலும் காற்றிலும்தான் ஏறும். 1936 ஜூலையில் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், ஸ்டீல் என்ற ஊரில் 49.4 டிகிரி செல்சியஸ் பதிவானது அப்படியொரு நீண்ட வறட்சிக்கு நடுவில்தான்.

சரி, வெளியே அனல், குழாயில் சொட்டு சொட்டாகத் தண்ணீர். என்ன செய்வது? குடிக்கிற தண்ணீரில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். சிறுநீர் அடர் மஞ்சளாக வந்தால் குடித்தது போதவில்லை என்று அர்த்தம்.

குளியலில் மிச்சம் பிடிக்கலாம். ஒரு வாளி ஊற்றிக்கொண்டால் பாதிக்கு மேல் சாக்கடைக்குத்தான் போகும். ஒரு சொம்புத் தண்ணீரில் பருத்திச் சட்டையை நனைத்து, லேசாகப் பிழிந்து அப்படியே போட்டுக்கொள்ளுங்கள். வறண்ட காற்றில் தோள்பட்டை முதலில் காயும், முதுகுப் பக்கம் இன்னும் சில்லென்று ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்த இடத்தில் மட்டும் கையால் தண்ணீர் தொட்டுத் தடவினால் போதும். உடம்பின் சூட்டை எடுப்பது தண்ணீரின் குளிர்ச்சியைவிட அது ஆவியாவதுதான், ஒரு லிட்டர் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் போகும். அறைச் சூடு 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் காய்ந்த உடம்போடு ஃபேன் முன்னால் உட்காராதீர்கள், அந்தக் காற்றே உடம்பில் சூடேற்றும்.

வீட்டுக்குள் இருப்பதைவிட வெளியே அதிகமாகச் சுடும் நேரமெல்லாம் ஜன்னலைச் சாத்தியே வையுங்கள், ராத்திரி எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். திரையைக் கண்ணாடிக்கு வெளியே கட்டினால் இன்னும் நல்லது. அரிசி, காய் கழுவிய தண்ணீரைச் சாயங்காலம் மரத்தடியில் ஊற்றுங்கள், நிழலை இழந்துவிட்டால் திரும்பக் கிடைக்க வருஷக்கணக்காகும்.

வயதானவர்களுக்குத் தாகமே சரியாகத் தெரியாது, அதனால் கேட்டுக்கொண்டிருக்காமல் டம்ளரைக் கையில் கொடுங்கள். பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அது வரும்வரை நிழலில் படுக்கவைத்து, சேமித்து வைத்த தண்ணீரையெல்லாம் யோசிக்காமல் உடம்பு முழுக்க ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள், நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் மட்டும் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும்.