எல்லாம் இரண்டிரண்டு, ஆனாலும் ஏன் நிற்கிறது? சேன் வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராணிப்பேட்டை தோல் ஆலையோ, ஆம்பூர் ஷூ கம்பெனியோ, வேலூர் மருத்துவமனையோ, சேன் ஸ்டோரேஜ் (பல சர்வர்கள் தனி நெட்வொர்க் வழியே பகிர்ந்துகொள்ளும் சேமிப்பகம்) வாங்கும்போது எல்லாவற்றையும் இரண்டாகத்தான் கேட்கிறார்கள். இரண்டு கன்ட்ரோலர் (டிஸ்க்குகளை இயக்கும் மூளை), இரண்டு பவர் சப்ளை, இரண்டு ஸ்விட்ச். கொட்டேஷனும் அப்படியே வரும். ரேக்கில் மாட்டிய பிறகு பார்த்தால் அந்த இரண்டும் எங்கோ ஓரிடத்தில் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். அந்த இடத்தை முன்கூட்டியே தேடிப் பிடிப்பதுதான் வடிவமைப்பு வேலையில் பாதி.

முதலில் கரன்ட். இரண்டு பவர் சப்ளையையும் ஒரே யுபிஎஸ்ஸில் செருகியிருப்பது இன்றும் சகஜம். ரேக்கின் இடப்பக்கம் ஒரு யுபிஎஸ், வலப்பக்கம் இன்னொன்று என்று பிரிக்க வேண்டும். சாதாரண நாளில் ஒவ்வொன்றிலும் 40 சதவீதச் சுமைக்கு மேல் ஏற்றக்கூடாது. இரண்டிலும் 60 ஓடினால், ஒன்று விழுந்ததும் மற்றதில் 120 ஏறி அதுவும் விழும். கன்ட்ரோலர்களுக்கும் இதே கணக்கு. இரண்டும் சேர்ந்து வேகமாக ஓடுவதைப் பார்த்து மகிழ்ந்துபோய் ஒவ்வொன்றையும் 70 சதவீதத்துக்குக் கொண்டுபோனால், ஒன்று பழுதாகும் நாளில் மிச்சமிருப்பது திணறும்.

யுபிஎஸ்ஸை விட ஏசிதான் வேலூரில் அதிகம் காலை வாருகிறது. மே மாதத்தில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. கரன்ட் போனதும் ஏசி நின்றுவிடும், ஸ்டோரேஜ் ஓடிக்கொண்டே இருக்கும். மூடிய சிறிய அறை மளமளவென்று சூடேறி, பேட்டரியில் அரை மணி நேரம் மீதி இருக்கும்போதே ஸ்டோரேஜ் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாக அணைந்துவிடும். ஏசியை ஜெனரேட்டர் லைனில் போடுங்கள். கரன்ட் திரும்பியதும் ரிமோட்டை அழுத்தாமலே தானாக ஓடத் தொடங்கும் ஏசிதானா என்றும் பாருங்கள். இரவு இரண்டு மணிக்கு ரிமோட்டை யார் அழுத்துவது?

அடுத்து ஸ்விட்ச். சர்வரையும் ஸ்டோரேஜையும் இணைக்கும் இரண்டு ஃபைபர் சேனல் ஸ்விட்ச்சையும் ஒரு கேபிளால் இணைத்தால் பலம் கூடும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டு ஃபேப்ரிக்கும் (ஸ்விட்ச் வழியான தனித்தனி நெட்வொர்க்) ஒன்றாகிவிடும். யாரோ தவறான ஜோனிங்கை (எந்த சர்வர் எந்த ஸ்டோரேஜைப் பார்க்கலாம் என்ற அமைப்பு) ஏற்றினால் இரண்டு பாதையும் ஒரே நொடியில் போகும். ஏ, பி என இரண்டையும் கடைசிவரை தனித்தனியாக வையுங்கள். சர்வரின் ஒரு போர்ட் ஏ-வுக்கு, மற்றது பி-க்கு. ஒவ்வொரு கன்ட்ரோலரிலிருந்தும் இரண்டுக்கும் கேபிள் போக வேண்டும்.

ஐஸ்கசி (சாதாரண ஈதர்நெட் நெட்வொர்க்கில் ஓடும் சேன்) என்றால் பாதைக்கு ஒரு சப்நெட் (தனி ஐபி முகவரி வரிசை). எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 9000 வைத்தால் சர்வர், ஸ்விட்ச், ஸ்டோரேஜ் மூன்றிலும் வைக்க வேண்டும். ஒன்றில் விட்டுப்போனால் லாகின் ஆகும், சிறிய பிங் போகும், பெரிய ரைட் வரும்போது தொங்கும். பாக்கெட்டை உடைக்கக்கூடாது என்ற குறியோடு 8972 பைட் பிங் போட்டால் உடனே தெரிந்துவிடும். லினக்ஸ் ஐஸ்கசியில் பாதை அறுந்தால் காத்திருக்கும் நேரம் 120 நொடி என்பதே இயல்பு அமைப்பு. மல்டிபாத் (ஒரே ஸ்டோரேஜுக்குப் பல பாதைகளைக் கையாளும் மென்பொருள்) இருக்கும்போது அதை 5 முதல் 15 நொடிக்குக் குறைக்காவிட்டால், இன்னொரு பாதை நன்றாக இருந்தும் பில்லிங் இரண்டு நிமிடம் உறைந்து நிற்கும்.

பெரிய டிஸ்க்கில் ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனால் மட்டும் தாங்கும் அமைப்பு) வேண்டாம். 16 டெராபைட் டிஸ்க்கை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் இடைவிடாமல் மீட்டாலே 30 மணி நேரம் ஆகும். வேலை நேரச் சுமையோடு நாள்கணக்கில் இழுக்கும், அதற்குள் இரண்டாவது டிஸ்க் போனால் எல்லாம் போச்சு. இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6 போடுங்கள். ஒரே தொகுப்பில் வந்த எஸ்எஸ்டிகளும் ஆபத்துதான். எச்பிஇ (ஹியூலெட் பேக்கார்ட் என்டர்பிரைஸ்) நிறுவனம் 2019-இல் சில எஸ்எஸ்டி மாடல்கள் 32,768 மணி நேரம் ஓடியதும் செயலிழக்கும் என்று எச்சரித்துத் திருத்திய ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) வெளியிட்டது. ஒரே நாளில் மாட்டியவை ஒன்றாகவே அந்த எண்ணைத் தொடும். ரெய்டால் இதைக் காப்பாற்ற முடியாது.

இரண்டு இடங்களில் வைக்கும்போது தூரக் கணக்கு முக்கியம். ஃபைபரில் கிலோமீட்டருக்கு, போய்வர, சுமார் 10 மைக்ரோநொடி. வேலூர் - ராணிப்பேட்டை 25 கிலோமீட்டர் என்றால் கால் மில்லிநொடி, உடனுக்குடன் நகலெடுக்கத் தாராளம். 16 ஜிகாபிட் ஃபைபர் சேனல் லிங்க்குக்கு 200 பஃபர் கிரெடிட்டாவது (பதிலுக்குக் காத்திராமல் அனுப்பக்கூடிய ஃப்ரேம்களின் எண்ணிக்கை) ஒதுக்குங்கள். இல்லையேல் வேகம் படுத்துவிடும். ஆனால் இரண்டு ஊரும் ஒரே பாலாற்றங்கரை. 2021 நவம்பர் வெள்ளத்தை நினைவில் வைத்து, மூன்றாவது நகலைச் சற்றுத் தாமதமாகவேனும் சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்புங்கள். இரண்டு நிறுவனங்களிடம் லைன் வாங்கினாலும் கேபிள் போகும் வழியின் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். காட்பாடியிலிருந்து வரும் இரண்டும் ஒரே பாலத்தில் ஆற்றைக் கடந்தாலோ, நெடுஞ்சாலையோரம் ஒரே பள்ளத்தில் கிடந்தாலோ, ஒரு ஜேசிபி போதும்.

விட்னஸ் சர்வரை (எந்த இடம் உயிரோடு இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லும் மூன்றாவது சர்வர்) முதன்மை இடத்திலேயே வைப்பது இன்னொரு தவறு. அந்த இடம் போனால் விட்னஸும் போகும், ராணிப்பேட்டை நகல் பொறுப்பேற்கத் தயங்கி நிற்கும். கிளவுடில் ஒரு சிறிய விஎம் (மெய்நிகர் சர்வர்) போதும். இணை நகல் பேக்கப் ஆகாது என்பதையும் மறக்க வேண்டாம். ரேன்சம்வேர் பூட்டிய தரவும் அப்படியே மறுபக்கம் போய்ச் சேரும். அழிக்க முடியாத ஒரு பிரதி தனியாக இருக்கட்டும்.

ஒப்படைக்கும் முன், டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கிப் பாருங்கள்: ஒரு கேபிள், பிறகு ஒரு ஸ்விட்ச்சின் பவர், ஒரு கன்ட்ரோலர், ஒரு யுபிஎஸ். ஒவ்வொன்றையும் திரும்ப மாட்டி, எல்லாப் பாதைகளும் உயிர்பெற்றதை மல்டிபாத் பட்டியலில் பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். அவசரப்பட்டு அடுத்ததைப் பிடுங்கினால் சோதனையே விபத்தாகிவிடும். ஃபர்ம்வேர் ஏற்றிய ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.