கிண்ணமும் எலுமிச்சம்பழமும்: நான்கு வயது வரை வீட்டு விளையாட்டு

வேலூர் லாங்கு பஜாரில் 'அறிவு வளர்க்கும் பொம்மை' என்று பெட்டி போட்டு விற்பதற்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். பட்டனை அழுத்தினால் பாடி, ஆடி, விளக்குப் போடும் பொம்மையில் எல்லா வேலையையும் பொம்மையே செய்துவிடுகிறது. குழந்தைக்கு அழுத்துவது மட்டும்தான் பாக்கி. அதைவிட, கவிழ்த்து வைத்த ரெண்டு எவர்சில்வர் கிண்ணத்தில் யோசிக்க நிறைய இருக்கிறது.

எட்டு, ஒன்பது மாதத்தில் இதைத் தொடங்கலாம். குழந்தையின் கைக்கு எட்டும்படி கிண்ணங்களை ஒரு சாண் இடைவெளியில் கவிழ்த்து வையுங்கள். அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ரப்பர் பந்தை வலது கிண்ணத்தின் கீழ் வைத்து, "பந்து எங்க கண்ணு?" என்று கேளுங்கள். எடுத்துவிடும். மூன்று தடவை அதே கிண்ணத்தில் வையுங்கள். நான்காவது தடவை, அது பார்க்கப் பார்க்கவே இடது கிண்ணத்தின் கீழ் வையுங்கள். பெரும்பாலான குழந்தைகள் மறுபடி வலதையே தூக்கும். பார்க்காமல் விட்டதால் இல்லை. பழகிய கையை நிறுத்தி, புதிதாகப் பார்த்ததை மனதில் பிடித்து வைப்பது அந்த வயதில் கஷ்டம். ஒரு வயதை ஒட்டி இது சரியாகிவிடும். "அது இல்ல, இது" என்று நீங்களே தூக்கிக் காட்டிவிட்டால் விளையாட்டு அங்கேயே முடிந்தது. காலிக் கிண்ணத்தைப் பார்த்து முழிக்கட்டும். மனதுக்குள் ஐந்து எண்ணும் வரை வாயைத் திறக்காதீர்கள்.

இதில் சொதப்புவது பெரும்பாலும் பெரியவர்களின் கண்தான். பந்து இருக்கும் கிண்ணத்தையே அம்மா பார்த்துக்கொண்டிருந்தால், குழந்தை அம்மாவின் பார்வையை வைத்தே கண்டுபிடித்துவிடும். குழந்தையின் முகத்தைப் பாருங்கள். சுலபமாக எடுக்கத் தொடங்கியதும், மறைப்பதற்கும் தேட விடுவதற்கும் நடுவே நேரத்தைக் கூட்டுங்கள்: முதலில் ரெண்டு நொடி, பிறகு ஐந்து, பிறகு பத்து. ஒன்றரை வயதில் மூன்றாவது கிண்ணம். ரெண்டு வயதுக்குப் பிறகு, மறைத்த கிண்ணத்தை மெதுவாக இடம் மாற்றித் தேடச் சொல்லலாம்.

விளையாடக் கொடுக்கும் பொருளைப் பற்றி ஒன்று. மூன்று வயது வரை, நான்கு சென்டிமீட்டரைவிடச் சின்னது எதுவும் வேண்டாம். புளியங்கொட்டை, வேர்க்கடலை, கோலி எல்லாம் மூச்சுக்குழாயை அடைக்கும். பட்டன் பேட்டரி விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாய் புண்ணாகும். குன்றிமணியைக் கடித்தால் விஷம். அதற்கு எந்த வயதும் சரியில்லை. குடியாத்தம் பக்கம் வீட்டில் பீடி சுற்றுபவர்கள், தூள் இருக்கும் முறத்தைக் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். ஒரு சிட்டிகை புகையிலை வாய்க்குள் போனாலும் ஆபத்து. வெயில் காலத்தில் அன்னக்கூடையில் தண்ணீர் வைத்து, டம்ளரால் மொண்டு ஊற்றி விளையாட விடுவது மிக நல்லது. எதில் அதிகம், எதில் குறைவு என்பது கையாலேயே தெரியும். ஆனால் நாலு விரல் தண்ணீரில்கூடக் குழந்தை மூழ்கும். எழுந்து போகும்போது தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

ரெண்டரை வயதில் எண்ணிக்கை. ஒன்று முதல் பத்து வரை கடகடவென்று சொல்லும் குழந்தையிடம் "மூணு எலுமிச்சம்பழம் குடு" என்று கேட்டுப் பாருங்கள், அள்ளிக் கொடுக்கும். அதற்கு அது ஒரு பாட்டு, அவ்வளவுதான். 'ஒன்று' என்றால் எவ்வளவு என்று முதலில் பிடிபடும், சில மாதம் கழித்து 'ரெண்டு', பிறகு 'மூணு'. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது பல குழந்தைகளுக்கு மூன்றரை, நான்கு வயதில்தான் விளங்கும். ஆகவே நூறு வரை ஒப்பிக்க வைத்து ஆயாவிடம் சபாஷ் வாங்குவதில் பெரிய லாபம் இல்லை.

கடையில் முட்டை அட்டை ஒன்று கேட்டு வாங்குங்கள், முப்பது குழி. ஒரு வரிசையை மட்டும் விட்டு மற்றதைத் துணியால் மூடி, குழிக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைக்கச் சொல்லுங்கள். முதலில் ஒரே குழியில் ரெண்டை வைக்கும், நடுவில் ஒரு குழியை விடும். "இந்தக் குழிக்குப் பழம் இல்லையே" என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு குழிக்கு ஒன்று என்பது பழகிய பிறகு எண்ணலாம். விரல் ஒரு வேகத்திலும் வாய் ஒரு வேகத்திலும் ஓடுவதால்தான் எண்ணிக்கை தப்பும். ஒவ்வொரு பழத்தையும் எடுத்து அடுத்த பக்கம் வைத்தபடி எண்ண வையுங்கள். முடிந்ததும் "மொத்தம் எத்தன?" என்று கேட்டால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். திட்டாதீர்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு பழம்" என்று நீங்களே கடைசி எண்ணை அழுத்திச் சொல்லுங்கள். பல்லாங்குழியை ஐந்து வயதுக்கு மேல் எடுத்தால் போதும். கடைசிக் காய் எந்தக் குழியில் விழும் என்று முன்கூட்டியே யோசிக்க அப்போதுதான் வரும்.

சொப்பு சாமான் வைத்து விளையாடும்போது நீங்கள் சாப்பிட வந்த விருந்தாளியாக இருங்கள். "அடுப்ப பத்த வை, இப்ப உப்பு போடு" என்று நடத்தினால் அது உங்கள் விளையாட்டாகிவிடும்.

நான்கு வயதில், கை வேலையாக இருக்கும்போதே ஆடக்கூடியது ஒன்று: "காக்கா பறக்கும்", "கிளி பறக்கும்" என்றால் கையைத் தூக்க வேண்டும், "மாடு பறக்கும்" என்றால் தூக்கக் கூடாது. மெதுவாகத் தொடங்கி வேகத்தைக் கூட்டுங்கள். தன்னை அடக்கிக்கொள்வதற்கு இதைவிட நல்ல பயிற்சி குறைவு. ஷூ கம்பெனி ஷிப்ட் முடிந்து வரும் அம்மாக்களும் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே நடத்தலாம், பத்து நிமிடம் போதும்.

செல்போன் இந்தக் கணக்கில் சேராது. ரெண்டு வயதுக்குள் வேண்டாம் என்றும், ரெண்டிலிருந்து நான்கு வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகக் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது.

ஒரு வயதாகியும் விரல் நீட்டிக் காட்டவில்லை, ஒன்றரை வயதை நெருங்கியும் ஒரு சொல்கூட வரவில்லை, ரெண்டு வயதில் ரெண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை, அல்லது முன்பு செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டது என்றால், 'பையன் லேட்டாதான் பேசுவான்' என்று காத்திருக்க வேண்டாம். அங்கன்வாடியில் சொல்லுங்கள், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலோ சிஎம்சி என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டுங்கள். முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.