கஞ்சிக்குப் பலா இலைக் கரண்டி

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வீட்டில் இரவுக்கு மட்டை அரிசிக் (கேரளச் சிவப்பரிசி) கஞ்சிதான். அதைக்கூட நான் டிவி பார்த்துக்கொண்டே 5 நிமிடத்தில் குடித்து முடித்துவிடுவேன். வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய 20 நிமிடம் ஆகுமாம். அதற்குள் இரண்டாம் கிண்ணமும் காலி!

மெதுவாகக் குடிக்க அம்மாயி சொன்ன வழி இது. முற்றிய பலா இலையைக் கழுவி, காம்பில் வடியும் பாலைத் துடைத்துவிட்டு, கூம்பாக மடித்துத் தென்னை ஈர்க்கால் குத்திக்கொள்ளுங்கள். கரண்டி தயார். இதில் ஒரு வாய்க்கு மேல் அள்ளவே முடியாது, தானாகவே வேகம் குறைந்துவிடும். சூட்டில் எழும் இலை வாசனைக்காகவே நான் இதை விடமாட்டேன்.

மட்டை அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, 1 பங்குக்கு 7 பங்கு தண்ணீர் விட்டுக் குழைய வேகவிடுங்கள். தொட்டுக்கொள்ளச் சிறுபயறும் சுட்ட பப்படமும் போதும். சர்க்கரை உள்ளவர்கள் கஞ்சியைக் குறைத்துப் பயற்றைக் கூட்டிக்கொள்ளலாம். கீழே சம்மணம் போட்டு உட்காருங்கள், முட்டி வலி இருந்தால் நாற்காலியே சரி. போன் மட்டும் அடுத்த அறையில் இருக்கட்டும்.