கல்யாணத்தோடு மறையும் பெயர்: பாட்டி வழியில் அமெரிக்கப் புரட்சிப் போர் வீரரைக் கண்டுபிடிக்க

அமெரிக்கப் பெண் ஒருவரின் பாட்டி வழியைப் புரட்சிப் போர் (பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற நடந்த போர்) காலம்வரை தேடினால், தடம் பெரும்பாலும் கல்யாணத்தில்தான் அறுபடும். புகுந்த வீட்டுப் பெயர் ஏறியதும் பிறந்த வீட்டுப் பெயர் ஆவணங்களிலிருந்து மறைந்துவிடும். அதனால் ஒரு வீரரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்காதீர்கள். இன்றிருப்பவரில் தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாக மேலே ஏறுங்கள்; 'இவர் இன்னாரின் மகள்' என்பதற்கு ஒவ்வொரு படியிலும் சான்று வேண்டும்.

20ஆம் நூற்றாண்டு இறப்புச் சான்றிதழில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும். ஆனால் அதைச் சொன்னவர் மருமகனாகவோ பேரனாகவோ இருந்தால் அப்படியே நம்பக் கூடாது. சென்சஸில் வீட்டிலுள்ள எல்லோர் பெயரும் (அடிமைகள் நீங்கலாக) 1850 முதல்தான் வருகிறது. உறவுமுறை 1880 முதல். 1890 சென்சஸ் 1921 தீவிபத்தோடு பெரும்பாலும் போய்விட்டது. 1850 பட்டியலில் கணவனுக்கு அடுத்திருக்கும் பெண்ணைப் பிள்ளைகளின் தாய் என்று எழுதிவிடுவது வழக்கமான தவறு. அவர் இரண்டாம் தாரமாக இருக்கலாம்; அவர் வயதிலிருந்து மூத்த பிள்ளையின் வயதைக் கழித்துப் பாருங்கள்.

அதற்கும் முன்னால் போக, கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பகுதி) நீதிமன்றத்து உயில்களும் நிலப் பத்திரங்களும்தான் துணை. தகப்பன் இறந்தபின் வாரிசுகள் சேர்ந்து நிலத்தை விற்ற பத்திரத்தில் மகள்கள் கணவன் பெயரோடு வருவார்கள். பத்திரங்களின் பெயர் அட்டவணையில் பெரும்பாலும் முதல் விற்பவர் பெயர் மட்டும் இருக்கும். ஆகவே கணவன், அண்ணன் தம்பிகள், சகலைகள் என எல்லோர் பெயரிலும் தேட வேண்டும்.

பெண் வழிக்குப் புதையல் என்றால், புரட்சிப் போர் வீரரோ அவர் விதவையோ அரசிடம் பென்ஷன் கேட்ட கோப்புதான். உறையில் எஸ் என்றிருந்தால் வீரரே கேட்டது, டபிள்யூ என்றால் விதவை, ஆர் என்றால் நிராகரிக்கப்பட்டது. ஆர் கோப்பையும் விடாதீர்கள். பணம் கிடைக்காமல் போனாலும் குடும்ப விவரம் உள்ளேயே இருக்கும். 1820 சட்டப்படி வீரர்கள் சொத்துப் பட்டியல் கொடுத்தார்கள். அதில் மனைவி, பிள்ளைகளின் பெயரும் வயதும்கூடக் கிடைக்கும். 1836 முதல் வந்த சட்டங்களில் விதவை தன் கல்யாணத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது. பதிவேடு இல்லாதவர்கள் குடும்ப பைபிளின் ஏட்டையே கிழித்து அனுப்பினார்கள்.

அந்த ஏட்டை நிதானமாகப் பாருங்கள். முப்பது வருடப் பிறப்புகளும் ஒரே கையெழுத்தில், ஒரே மையில் இருந்தால் பிற்பாடு உட்கார்ந்து எழுதியது. பைபிள் அச்சான ஆண்டு மூத்த பிள்ளையின் பிறப்புக்குப் பிந்தியதென்றால், அந்தத் தேதி ஞாபகத்திலிருந்தோ வேறொரு ஏட்டைப் பார்த்தோ எழுதியதுதான். நம்பலாம், இன்னொரு சான்றோடு. 1800 நவம்பரில் போர்த்துறை அலுவலகம் எரிந்ததால் அதற்கு முந்தைய பென்ஷன் விண்ணப்பங்களைத் தேடி அலைய வேண்டாம்.

இப்படித் தேடுபவர்கள் பலர் சேர நினைப்பது அமெரிக்கப் புரட்சியின் மகள்கள் சங்கம்; புரட்சிக்கு உதவியவர்களின் வழிவந்த பெண்களுக்கானது. அதில் சேர 18 வயது நிறைந்திருக்க வேண்டும். முன்னோரின் சேவை 1775 ஏப்ரல் 19க்கும் 1783 நவம்பர் 26க்கும் இடைப்பட்டதாக இருக்க வேண்டும். துப்பாக்கி ஏந்தியவர் மட்டுமல்ல, படைக்கு மாடும் தானியமும் கொடுத்தவரும் கணக்கில் வருவார். பழைய உறுப்பினரின் விண்ணப்பம் நல்ல துப்பு, ஆனால் அதுவே சான்றாகிவிடாது. அன்று ஏற்றது இன்றைய பரிசோதனையில் நிற்காமல் போகலாம்.

கடைசியாக, ஒரே கவுண்டியில் இரண்டு ஜான் ஸ்மித் இருப்பார்கள். 'சீனியர்', 'ஜூனியர்' என்றிருந்தாலும் தகப்பன் மகன் என்று அர்த்தமில்லை. உறவே இல்லாத மூத்தவரும் இளையவருமாகவும் இருக்கலாம். மனைவி பெயர், நிலத்தின் எல்லை, படைப்பிரிவுத் தலைவர் பெயர் மூன்றையும் ஒத்துப்பார்த்த பிறகே பெயரைக் குடும்ப மரத்தில் ஏற்றுங்கள்.