லிபர்டேரியன் கிறிஸ்தவப் பொருளியலாளரைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூதாட்டத்துக்கும் போதைப்பொருளுக்கும் தடைச்சட்டம் வேண்டாம் என்று ஒரு லிபர்டேரியன் பொருளியலாளர் எழுதுகிறார். லிபர்டேரியன் என்றால், பிறருக்குத் தீங்கு செய்யாதவரை தனிமனிதன் விஷயத்தில் அரசு தலையிடக் கூடாது என்பவர். அவரே ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவர். "அப்படியானால் இவருக்கு அதெல்லாம் சரிதானா? இவர் என்ன கிறிஸ்தவர்?" என்று கேட்டுவிட்டுப் பலரும் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

முதல் தவறு அதுதான், பெரிய தவறும் அதுதான். அவர் சொல்வது: பாவம் வேறு, குற்றம் வேறு. அடுத்தவரை அடித்தால், திருடினால், ஏமாற்றினால் அது குற்றம். அங்கே போலீஸ் வரலாம். குடித்துத் தன்னைத்தானே கெடுத்துக்கொள்கிறவன் பாவம் செய்கிறான். அவனிடம் போக வேண்டியவர்கள் நண்பனும் போதகரும். இதை நீங்கள் ஏற்க வேண்டும் என்பதில்லை. குடிகாரனின் பிள்ளைகள் இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று எனக்கே கேள்வி உண்டு. ஆனால் அப்படி ஒரு கோடு இருப்பதையே பார்க்காமல் வாதாடினால் அவருக்குப் பதில் சொன்னதாகாது. பிரான்சின் பொருளியலாளர் ஃபிரெடெரிக் பாஸ்டியா 1850-லேயே இப்படித் திரிப்பதைப் பற்றி அலுத்துக்கொண்டார். அரசு பள்ளி நடத்த வேண்டாம் என்று சொன்னால், கல்வியே வேண்டாம் என்கிறான் எனத் திரித்துவிடுகிறார்கள் என்பது அவருடைய புகார்.

அடுத்து, எல்லா லிபர்டேரியன்களையும் ஒரே மூட்டையில் கட்டுவது. அமெரிக்க எழுத்தாளர் அய்ன் ராண்ட் நாத்திகர், தன்னலத்தை அறம் என்றவர். லிபர்டேரியன் என்ற பெயரையும் அவர் ஏற்கவில்லை. பிறருக்குக் கொடுப்பது கடமை என்று நம்பும் கிறிஸ்தவருக்கும் அவருக்கும் வரிக்கொள்கையில் ஒத்துப்போகலாம், வாழ்க்கையைப் பற்றி ஒத்துப்போகாது. "விசுவாசித்தால் பணம் கொட்டும்" என்கிற செழிப்புப் பிரசங்கம் இன்னொரு ரகம். அதையும் இதையும் குழப்பவே கூடாது.

சரி, இதெல்லாம் நேற்று முளைத்த அமெரிக்கச் சரக்குதானே என்பவர்களும் உண்டு. 16-ம் நூற்றாண்டு ஸ்பெயினின் சலமங்கா இறையியலாளர்களை அவர்கள் கொஞ்சம் படிக்கலாம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வெள்ளி வந்து குவிந்ததும் ஏன் விலைவாசி ஏறியது என்று மார்ட்டின் தே அஸ்பில்குவெட்டா 1556-ல் எழுதினார்: பணம் பெருகினால் அதன் மதிப்பு குறையும். இயேசு சபைக் குருவான ஹுவான் தே மரியானா, மக்களைக் கேட்காமல் மன்னர் நாணயத்தின் தரத்தைக் குறைப்பது மறைமுக வரி, கொள்ளை என்று 1609-ல் எழுதிவிட்டு, எழுபது வயதுக்கு மேல் காவலில் கிடந்தார். அதற்காக இவர்களை இன்றைய லிபர்டேரியன்கள் என்று அழைப்பதும் மிகைதான்.

ஆதரவாளர்களும் சறுக்குகிறார்கள். மத்தேயு 20-ல் வரும் திராட்சைத் தோட்ட உவமையை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் வந்தவனுக்குக் கூலி ஒரு தெனாரியம் (ரோம வெள்ளிக் காசு) என்று பேச்சு. சாயங்காலம் வந்து ஒரே ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் அதே ஒரு தெனாரியம். முந்தி வந்தவன் முணுமுணுக்கிறான். பேசிய கூலியைத்தானே கொடுத்தேன், என் பணத்தை என் இஷ்டப்படி கொடுக்க எனக்கு உரிமை இல்லையா என்கிறார் எஜமான். "பார்த்தீர்களா, ஒப்பந்தமும் தனிச்சொத்தும்!" என்று சந்தை ஆதரவாளர் துள்ளுகிறார். எதிர்த்தரப்போ "எல்லாருக்கும் சமக்கூலி!" என்கிறது. ஆனால் உவமை தொடங்குவதே பரலோக ராஜ்யம் எதற்கு ஒப்பாயிருக்கிறது என்றுதான். அதன் கவனம் தகுதிக்கு மீறிய தயவின் மேல். கூலிக்கொள்கை எழுதும் நோக்கம் அதற்கு இல்லை. எஜமானின் பேச்சு, அதைக் கேட்பவர்களுக்குத் தனிச்சொத்து பழக்கமான ஒன்று என்பதைக் காட்டுகிறது. அதற்கு மேல் அதிலிருந்து பிழிந்தால் சக்கைதான் வரும்.

அரசைப் பற்றிய வசனங்களிலும் இதே கதை. ஒருவர் அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13-ஐ மட்டும் ஓதுவார். மற்றவர், ராஜா வந்தால் உங்கள் தானியத்திலும் மந்தையிலும் பத்தில் ஒன்று எடுப்பான் என்று எச்சரிக்கும் 1 சாமுவேல் 8-ஐ மட்டும். இரண்டும் ஒரே வேதத்தில்தான் இருக்கின்றன.

கடைசியாக ஒன்று, எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது: எண்ணிப் பார்க்க வேண்டியதை விசுவாசக் கேள்வியாக்குவது. குறைந்தபட்சக் கூலியை உயர்த்தினால் திறன் குறைந்தவர்கள் வேலை இழப்பார்கள் என்று இந்தப் பொருளியலாளர் சொன்னால், அவர் ஏழைகளை வெறுக்கிறார் என்று பொருளில்லை. ஏழைக்கு நல்லது என்று நினைத்துத்தான் சொல்கிறார். அதே சமயம் அவர் சொல்வது தப்பாகவும் இருக்கலாம். நியூ ஜெர்சி மாநிலம் 1992-ல் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் அங்கும் பக்கத்துப் பென்சில்வேனியாவிலும் துரித உணவகங்களில் ஆட்கணக்கு எடுத்தார்கள். வேலை குறைந்ததாகத் தெரியவில்லை என்று 1994-ல் எழுதினார்கள். அதை மறுத்தும் ஆய்வுகள் வந்தன, இன்னும் சண்டை ஓயவில்லை. அந்தச் சண்டையில் வசனத்தைத் தூக்கிக்கொண்டு வருபவர் எந்தப் பக்கத்து ஆளாக இருந்தாலும், முதலில் அவர் கையில் ஆட்கணக்கு இருக்கிறதா என்று கேளுங்கள்.