சும்மா இருக்கும்போதே 68 டிகிரி

டிவிக்குக் கீழே அலமாரியில் செருகி வைத்திருக்கும் குட்டிக் கம்ப்யூட்டர், படம் எதுவும் ஓடாதபோதே மிக்ஸி மாதிரி இரைய ஆரம்பித்தது. பயாஸில், அதாவது விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் செட்டிங் திரையில், ப்ராசஸரின் சூடு 74 டிகிரி. அங்கே ப்ராசஸர் முழுதாக ஓய்வெடுக்காது, கொஞ்சம் கூடத்தான் காட்டும். ஆனால் விண்டோஸுக்குள்ளும் 68. "சித்திரை வெயிலுங்க, அப்படித்தான் இருக்கும்" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். அறையே 34 டிகிரிதான், கணக்கு இடித்தது.

டாஸ்க் மேனேஜரில் வேலை 2 சதவீதம், வேகமோ எப்போதும் உச்சத்தில். என்றோ படம் திக்கியதற்காக பவர் செட்டிங்கில் ப்ராசஸரின் குறைந்தபட்ச நிலையை 100 ஆக்கியது நானேதான்! 5 ஆக்கினேன். 62க்கு இறங்கியது, அவ்வளவுதான்.

சரி என்று பெட்டியைத் திறந்தேன். நாங்கள் இருப்பது திருப்பூர், அடுத்த சந்தில் பனியன் கம்பெனி. ஃபேனுக்கும், ப்ராசஸரின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவே பஞ்சு மெத்தை மாதிரி படிந்து கிடந்தது. ஊதினால் போகாது. ஃபேனைக் கழற்றி, ட்வீசரால் உரித்தெடுக்க வேண்டியிருந்தது. ஹீட்சிங்கைத் தூக்கலாம் என்று பார்த்தால், நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று ஏற்கெனவே கழன்றிருந்தது. ஒரு மூலை ப்ராசஸரில் ஒட்டவே இல்லை. இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசியிருந்த பழைய பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பு. துடைத்துவிட்டு, புதுசு ஒரு பட்டாணி அளவு வைத்து, பின்களை எதிரெதிராக 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினேன்.

இப்போது 45. அலமாரியின் பின்பலகையையும் கழற்றிவிட்டேன், அம்மணிக்கு அதில்தான் வருத்தம்.